ரயரில் மணத்த தேசிக்காய்

“நீங்கள் இரசாயனம் படிப்பிக்கிறவர்தானே? சொல்லுங்கள், தேசிக்காய் ரப்பரை இளக்குமா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கார்ப் பந்தய மைதானத்தில், முழங்காலில் நின்றபடி ஒரு கிழவர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி இது. உமக்கு மறந்திருக்காது, ரீச்சர்.

இன்று காலை அந்தக் கேள்வி திரும்பவும் என் காதுக்குள் வந்தது. லண்டனின் மிச்சம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு முன்வீட்டுக்காரர்கள் புதிதாக ஒரு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார்கள். முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, நாலு ரயருக்கும் கீழே நாலு தேசிக்காய், அந்தப் பச்சை எலுமிச்சம்பழம், வைத்து, காரை முன்னுக்கு எடுத்தார்கள். கார் சத்தமே போடவில்லை. தேசிக்காய்கள்தான் சத்தம் போட்டன. நான் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போனவள், அந்த மணம் தெருவைக் கடந்து வந்ததும் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

“என்ன ரீச்சர், ஏலாமல் கிடக்கோ?” என்று அந்த வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

“இல்லைப் பிள்ளை. மணம் நல்லாயிருக்கு” என்றேன்.

உம்முடைய மகள் நினைவு மலர் ஒன்று போடப்போகிறாள். என்னையும் எழுதித் தரச் சொல்லிப் போன கிழமையே கேட்டாள். கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைக்கவில்லை. பிறகு, “அன்ரி, அம்மாவின்ர செத்தவீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தவர். உன்ர அம்மாவை ஒருக்கா கார் ரேஸில இருந்து விலக்கினவை, தெரியுமோ எண்டு கேட்டுச் சிரிச்சவர். அம்மா கள்ளம் செய்தவவோ?” என்றாள். அவளுக்கு வாயால் ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உமக்கு எழுதுகிறேன். அவளும் வாசிக்கட்டும்.

பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகள் எங்களுக்கு. நீர் கணிதம், நான் இரசாயனம். நடுவில் ஒரு மெல்லிய சுவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் கதைக்க எங்களுக்கு வேறு ஆள் இல்லை. நீரும் எனக்கு ரீச்சர், நானும் உமக்கு ரீச்சர். ஒவ்வொரு வருடமும் எண்ணெய் ரப்பரை என்ன செய்யும் என்று காட்ட, நான் ஒரு பலூனை ஊதி வைத்துக்கொண்டு அதன்மேல் ஆரஞ்சுத் தோடம்பழத் தோலை மடித்துப் பிழிவேன். தோலில் இருக்கும் எண்ணெய் பட்ட இடத்தில் ரப்பர் இளகும், பலூன் வெடிக்கும், வகுப்பு கத்தும். அடுத்த நிமிடம் நீர் வாசலில் நிற்பீர். “ரீச்சர், அங்க பிள்ளையளுக்குச் சோதினை நடக்குது. உமக்கு ஒவ்வொரு வருசமும் என்ர சோதினை நாளோ கிடைக்கிறது?” ஏசிவிட்டுப் போகமாட்டீர். மற்றப் பலூனும் வெடிக்கும் மட்டும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவீர்.

நீர் கார் ஓட வெளிக்கிட்ட கதையை இப்போது யாருக்குச் சொன்னாலும் நம்புகிறார்கள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்க்க ஆசிரியர்கள் ஒரு நாள் ஸ்டொக் கார்ப் பந்தயத்தில் ஓடினார்கள். பழைய கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி, வட்டத் தடத்தில் ஒன்றையொன்று இடித்து விலத்திக்கொண்டு ஓடுகிற பந்தயம். ஓட இருந்த விளையாட்டு ஆசிரியர் அதற்கு முதல் நாள் கையை முறித்துக்கொண்டார். “ஓடினாப் போச்சு” என்று சொல்லி நீர் கொண்டையைக் குலைத்துவிட்டு அவருடைய ஹெல்மெட்டை வாங்கிப் போட்டீர். இறங்கி வந்தபோது உம்முடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் வேறு எந்த நாளும் கண்டதில்லை. “வகுப்பில ஒருத்தரையும் இடிக்க ஏலாது, ரீச்சர். இங்க இடிச்சாக் கை தட்டுகினம்” என்றீர். அடுத்த வருடம் சொந்தமாக ஒரு கார், அதை ஏற்றி இழுக்க ஒரு இழுவை வண்டி. பக்கத்தில் தேசிக்காய்ப் பையோடு நான்.

தேசிக்காய் உம்முடைய வழக்கம். “நம்பிக்கை ஒண்டும் இல்லை. வைக்காட்டி மனம் ஒரு மாதிரிக் கிடக்கும்” என்பீர். வழமையாக வீட்டு வாசலிலேயே பந்தயக் காரின் ரயர்களின் கீழ் வைத்து நசித்துவிட்டுத்தான் காரை இழுவை வண்டியில் ஏற்றுவோம். மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது மணம் காற்றோடு போயிருக்கும்.

வென்றவரைச் சந்தேகிப்பது அந்த மைதானத்தின் பழக்கம். இயந்திரத்தைக் குடைந்து பெருப்பித்தவன், பாரத்தைக் கள்ளமாகக் குறைத்தவன், ரயரில் மருந்து பூசி இளக்கியவன் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கதை இருந்தது. பரீட்சை மண்டபத்தை நினைத்துப் பாரும். முதலாவதாக வருகிற பிள்ளையின் பென்சில் பெட்டியைத்தான் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகங்களை எல்லாம் தீர்த்து வைக்க ஒரு கிழவர் இருந்தார். ஓட்டம் முடிந்ததும் வென்ற காரின் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ரயரை மூக்கால் முகர்ந்து முகர்ந்து சோதிப்பார். நீர் அவருக்கு மூக்கர் என்று பெயர் வைத்தீர். ஆனால் அவரில் உமக்கு மரியாதை. அவர் கேட்கும் முன்னமே காரின் முன்மூடியைத் திறந்து வைத்துவிடுவீர். “சோதினை எடுக்கிற ஆளுக்குச் சோதினையில பயமோ?” என்பீர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிந்திவிட்டோம். வீட்டில் தேசிக்காய் வைக்க மறந்து போனது மைதானத்தில்தான் ஞாபகம் வந்தது. கடைசி ஓட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். “பையிலதானே கிடக்கு, தாரும்” என்று வாங்கி, நாலு ரயருக்கும் நீரே வைத்து, காரை மெல்ல முன்னுக்கு எடுத்து நசித்துக்கொண்டு தடத்துக்குள் போனீர். வென்றீர். முதல் தரமாக அந்தப் பெரிய கோப்பை.

இரண்டாவதாக வந்தவர் பழைய இரும்புக்கடை வைத்திருந்த சிவப்புக் கார்க்காரர். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னமே முறைப்பாடு செய்துவிட்டார். “கணக்கு மிஸ்ஸுக்கே கணக்குச் சரிவராது. அந்தக் கார் அவ்வளவு வேகம் ஓடாது” என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். மூக்கர் வந்தார். முன் ரயரை முகர்ந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் முகர்ந்தார்.

“ரயரில் ஏதாவது பூசினீர்களா?”

“இல்லை” என்றீர், யோசிக்காமல்.

மூக்கர் ஒரு சிறு கத்தியால் ரயரின் பள்ளத்தைக் கிண்டினார். நுனியில் ஒரு பச்சைத் தோல் துண்டு. “அப்படியானால் இது?”

உம்முடைய கை வாய்க்குப் போனது. “ஐயோ ரீச்சர், தேசிக்காய்!”

அது என்ன, ஏன் என்று நீர் அவருக்கு விளங்கப்படுத்தினீர். சிவப்புக் கார்க்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அதிர்ஷ்ட லெமனாம்! ரயர் இளக்குகிற மருந்துப் போத்தலைத் திறந்து மணந்து பாருங்கள். அதுவும் இதே மணம்தான்.” அவர் சொன்னது பொய்யும் இல்லை. சுற்றி நின்றவர்களும் ரயரை எட்டிப் பார்த்தார்கள்.

அந்தக் கிழமைதான் நீர் பரீட்சையில் பார்த்து எழுதிய ஒரு பிள்ளையைப் பிடித்து அதிபரிடம் கொடுத்திருந்தீர். பெற்றோர் வந்து கத்தியும் நீர் அசையவில்லை. எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த மைதானத்தில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்றார்கள். கள்ளம் செய்தவர் என்ற பெயரோடு திங்கட்கிழமை நீர் எந்த முகத்தோடு பரீட்சை மண்டபத்தில் நிற்பது? அது எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும்.

அப்போதுதான் மூக்கர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அவர் நம்பியிருப்பார். நீர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றீர். எனக்குப் பலூன்தான் கண்ணுக்குள் வந்தது.

“ஓம்” என்றேன். பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். “இளக்கும். சாறு இல்லை, தோலில் இருக்கும் எண்ணெய். ஆனால் பலூன் மெல்லிசு, ரயர் தடிப்பு. ஒரு தேசிக்காய் ரயருக்குச் செய்வது, குளிக்கிற தொட்டிக்குள் ஒரு சிட்டிகை உப்புப் போட்டதுபோல.”

மூக்கர் ரப்பரின் இளக்கத்தை அளக்கிற தன் முள் மானியை எடுத்து உம்முடைய ரயரில் அழுத்தினார். சிவப்புக் காரின் ரயரிலும் அழுத்தினார். முள் இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றது. சிவப்புக் கார்க்காரர் தானும் குனிந்து முள்ளைப் பார்த்தார். மூக்கர் எழும்பி முழங்காலைத் தட்டினார். ரயர் இளகவில்லை, இவர் ஏமாற்றவில்லை என்றார். ஆனால் ரயரில் எதுவுமே படக்கூடாது என்பதுதான் விதி, எதுவுமே என்றால் பழமும்தான் என்றார். கோப்பை சிவப்புக் காருக்குப் போனது. அறிவிப்புப் பலகையில் உம்முடைய இலக்கத்துக்குப் பக்கத்தில் அவர் எழுதிய காரணம்: ‘ரயரில் பழம்’.

திரும்பி வரும்போது நீர்தான் வண்டி ஓடினீர். மிச்சம் பகுதியின் ட்ராம் கடவையில் மறித்தார்கள். எனக்கு உம்மைப் பார்க்கத் துணிவில்லை. ட்ராம் போய் முடிந்தது, சிவப்பு விளக்கு அணைந்தது, பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். நீர் வண்டியை எடுக்காமல் சொன்னீர்:

“நீர் இல்லை எண்டு சொல்லியிருந்தா, அடுத்த முறை நீர் பலூன் வெடிக்க வைக்கேக்க, நான் பக்கத்து வகுப்பில எப்பிடி ரீச்சர் இருக்கிறது?”

பிறகு சிரித்தீர். சிரித்துக்கொண்டே அழுதீர். அந்தக் கோப்பையில் உமக்கு எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை உம்முடைய மேசையில் யாரோ ஒரு பெரிய லெமனை வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று நீர் கேட்கவே இல்லையாம். கத்தியால் பாதியாக, காலாக, அரைக்காலாக வெட்டிப் பின்னம் படிப்பித்தீராம். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அன்றைக்கு நான்தான் உம்முடைய வாசலுக்கு ஏச வந்தேன்.

அதற்குப் பிறகும் நீர் தேசிக்காயை விடவில்லை. காரின் ரயருக்கு வைக்காமல் இழுவை வண்டியின் ரயருக்கு வைத்தீர். “விதியில இழுவை வண்டியைப் பற்றி ஒண்டும் இல்லை. நான் வாசிச்சுப் பார்த்தனான்.” அடுத்த பருவத்தின் முதல் நாள் மூக்கர் தன் கோட்டுப் பைக்குள் இருந்து ஒரு மஞ்சள் லெமனை எடுத்து, தானே குனிந்து இழுவை வண்டிச் சில்லின் கீழ் வைத்தார். “இது தேசிக்காய் இல்லை, ரீச்சர். ஆனாப் பரவாயில்லை, மனுசன் குனிஞ்சு வைச்சிட்டுது” என்று என் காதுக்குள் சொன்னீர். அந்தப் பெரிய கோப்பை உமக்குப் பிறகு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

அந்த மைதானம் இப்போது இல்லை. அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. தடம் வளைந்த இடத்தில் சைக்கிள்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது நான் மேல்தட்டில் இருந்து பார்ப்பேன். நீர் ஓய்வு பெற்று மகளோடு ஹவுன்ஸ்லோவுக்குப் போன பிறகு உம்மைப் பார்க்க எனக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. கடைசியாக வந்த அன்று உம்மால் கனக்கக் கதைக்க ஏலவில்லை. மேலே விமானங்கள் போகும்போதெல்லாம் நாங்கள் கதையை நிறுத்தி நிறுத்திக் கதைத்தோம். நான் எழும்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மழை வரப்போகுது. நீ போ” என்றீர்.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அத்தனை வருடமும் நீர், உமக்கு, வாரும், இரும் என்றே கதைத்த நாங்கள். ஒரு தரம் ‘நீ’ என்றீர், ரீச்சர். திரும்பி வந்து நானும் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை சொல்லுவோம் என்று இருந்துவிட்டேன்.

பிள்ளை, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் அம்மா விதியை மீறினவர், ஏமாற்றினவர் இல்லை. பரீட்சை மண்டபத்துக்குள் கைக்கடிகாரம் கட்டக்கூடாது என்று தெரியாமல் கட்டி வந்த பிள்ளையையும், பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதிய பிள்ளையையும் உன் அம்மா ஒரு நாளும் ஒன்றாக எண்ணியதில்லை. ஆனால் கடிகாரத்தைக் கழற்றி வாங்காமலும் விட்டதில்லை. தன்னுடைய முறை வந்தபோது தானும் கழற்றிக் கொடுத்தார். அந்த வெள்ளைக்காரர் சிவப்புக் கார்க்காரராகத்தான் இருக்க வேண்டும். கேலி செய்ய ஒருவர் அவ்வளவு தூரம் செத்தவீட்டுக்கு வரமாட்டார்.

ரீச்சர், என்னிடம் இன்றும் யாராவது வில்லங்கமான கேள்வி ஒன்று கேட்டால், வாயைத் திறக்கும் முன் பக்கத்து வகுப்பறையில் நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பிறகு பதில் சொல்ல அவ்வளவு கஷ்டமாக இல்லை. பார்த்தாயா, எனக்கும் ‘நீ’ வந்துவிட்டது.

இதை வாசிக்கிற நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். ஒரு பலூனை நன்றாக ஊதிக் கட்டுங்கள். முகத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தோடம்பழத் தோலை மடித்து அதன்மேல் பிழியுங்கள். வெடித்ததும், பக்கத்து அறைக்குக் கொஞ்சம் காது கொடுங்கள்.