அடுத்த மாதம் வேண்டாம், நாளைக்கே

அப்பா,

எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படியுங்கள். சோறும் குழம்பும் மேடையில் மூடி வைத்திருக்கிறேன். அடுப்பைத் தொடாதீர்கள், அப்படியே சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டு அத்தை மத்தியானம் எட்டிப் பார்ப்பார். "எனக்கென்ன, நான் சின்னப் பிள்ளையா?" என்று அவரை விரட்ட வேண்டாம்.

நான் பழைய நாடக அரங்குக்குப் போகிறேன். அதைச் சுற்றிப் பார்க்க அடுத்த மாதத்துக்கு வாங்கிய நம் இரண்டு டிக்கெட்டையும் நாளைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆமாம், நானேதான் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

இருபத்திரண்டு வருஷம் அதன் வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஊரையெல்லாம் இறக்கிவிட்டீர்கள். நீங்கள் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. கூரை முழுக்க வானத்தை வரைந்து வைத்திருக்கிறார்களாம். இன்னும் மூன்று மாதம் பார்வை இருக்கும் என்று டாக்டர் சொன்னதை நம்பித்தான் நிதானமாக இருந்தேன். இப்போது நம்பிக்கை இல்லை.

நீலச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருக்கிறேன். அது நாளைக்கு.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம், "என்கூட வர உனக்கு இஷ்டமா இல்லையா? வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்தினீர்களே. நான் கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை அப்பா. நீங்கள் கேட்ட மூன்று தடவையும் தலையாட்டினேன். உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.