எது எந்தக் கசெற்றில்

அம்மாவுக்கு, மகன் கிருபாகரன் திருகோணமலையிலிருந்து எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி?

நான் வேலைசெய்கிற துறைமுகக் கந்தோரில் பெரிய கொம்பியூட்டர் பழுதாகிவிட்டது. பயப்படாதீர்கள், குண்டு ஒன்றும் விழவில்லை. அதிலிருந்த எல்லாவற்றையும் நாடாக் கசெற்றுகளில் பிரதி எடுத்து வைத்திருந்தோம். எது எந்தக் கசெற்றில் என்ற விவரத்தை மட்டும் அந்தக் கொம்பியூட்டருக்குள்ளேயே விட்டிருந்தோம். அதுவும் போய்விட்டது. "ஒவ்வொண்டாப் போட்டுத்தான் பாக்கவேணும், வேற வழியில்ல," என்றார் பொறுப்பாளர் ஸஹாப்தீன். இப்போது அதுதான் என் வேலை.

வெருகலில் நடந்த சண்டையிலிருந்து நீங்களும் தங்கச்சியும் உயிரோடு வெளியேறியதாக அறிந்தேன். எந்த முகாம் என்று சொல்ல ஒருவருமில்லை. லொறிக்கார ஆதம்பாவா காக்கா இந்தக் கடிதத்தோடு ஒவ்வொரு முகாமாக விசாரிப்பாராம். கிடைத்தால் முகாமின் பெயரை எழுதி அவரிடமே கொடுங்கள்.

லொறி புறப்படப் போகிறது. உங்களை இன்னோர் இடத்துக்கு மாற்றினால், எங்கே போகிறீர்கள் என்று அங்கே நிற்கிற யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், அம்மா.