நவம்பருக்குள் லிஃப்ட்

அக்டோபர் 9, வியாழன்

இல்லை, சொகுசுக்காக இல்லை. பதிப்பகத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இருபத்தெட்டு வயதில் ஸ்பெயினில் கடலோர வீடு! அது அப்பாவின் மூட்டுகளுக்காக. நார்வேயின் வடகோடியில், எங்கள் ட்ரொம்சோவில், நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரியில்தான் திரும்பும். போன குளிர்காலத்தில் அவரால் காலுறையைத் தானாகப் போட முடியவில்லை. ஒன்றை நான் போட்டுவிட்டேன். இருவரும் வேறு எதையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரியில் வாங்கினோம். பணம் அவருடையது, பத்திரம் என் பெயரில். “நான் போனப்புறம் உனக்கு அலைச்சல் வேண்டாம்டி, டீரில்.” கோடையில் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு, குளிர்காலத்தில் அப்பாவுக்கு. திட்டம் அவ்வளவுதான்.

நாலாவது மாடி. பால்கனியில் எக்கி நின்றால் நகக்கண் அளவு கடல் தெரியும்.

ஆகஸ்டில் லிஃப்ட் நின்றது. இன்னும் நிற்கிறது. அப்பாவின் டிக்கெட் நவம்பர் 29க்கு.

நாளை நான் முன்னால் போகிறேன்.

அக்டோபர் 11, சனி

சாந்தா போலா, எங்கள் ஸ்பெயின் வீடு இருக்கும் ஊர். பெட்டியோடு நாலு மாடி ஏறினேன். கடைசியாக வந்துபோன விருந்தாளி எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது: வீடு அருமை, இதயம் பலவீனமானவர்கள் வர வேண்டாம்.

மூன்றாவது மாடியில் ரெமெடியோஸ் கதவைத் திறந்துவைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர்.

“வாடி நார்வேக்காரி. மூச்சு வாங்குதா? உக்காரு. மூணாவது ஸ்டேஷன் இது.”

ஆகஸ்டிலிருந்து அவர் தெருவில் இறங்கவில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறார். ரொட்டி, தக்காளி, சில நாள் மீன் ஏறி வருகிறது. யார் வைப்பது என்று கேட்டேன்.

“கீழ் வீட்டு ஃபுல்ஹென்சியோ. சரியான சண்டைக்காரன். ஆனா தக்காளியை அமுக்கிப் பாத்து வாங்குவான்.”

எங்கள் சாவியும் ஃபுல்ஹென்சியோவிடம்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோருடைய சாவியும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், கடிதம் எடுத்துவைப்பார். நல்ல மனிதர் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

வீட்டுக்காரர்கள் கூட்டம், கீழே வாசற்கூடத்தில். முதல் அழைப்பு ஏழு மணி, இரண்டாம் அழைப்பு ஏழரை என்று போட்டிருந்தது. ஏழுக்குப் போனேன். யாரும் இல்லை. செத்துப்போன லிஃப்டின் எதிரே தனியாக உட்கார்ந்திருந்தேன். ஏழரைக்கு ஒவ்வொருவராகத் தங்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார்கள்.

“முதல் அழைப்புக்கே வந்தியா? பாவம்மா நீ. அது யாரும் வராம இருக்கறதுக்குன்னே வச்ச நேரம்,” என்றார் பெலேன். கட்டட நிர்வாகத்துக்கு நாங்கள் சம்பளம் கொடுக்கும் பெண்.

இந்த ஆண்டுக்குத் தலைவர் வேண்டும். யாரும் கை தூக்கவில்லை. ஃபுல்ஹென்சியோவின் மீன்பிடித் தொப்பியில் வீட்டு எண்களைப் போட்டுக் குலுக்கினார்கள். வந்தது நாலாவது மாடி, பி.

“நான் மாட்டேன்னு சொல்ல முடியாதா?”

“தாராளமா சொல்லலாம். ஜட்ஜுகிட்ட போய்ச் சொல்லணும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். தப்பித்த சந்தோஷம் அது.

பிறகு லிஃப்ட். முழு மோட்டாரும் மாற்ற வேண்டுமாம். ஃபுல்ஹென்சியோ எழுந்தார். “நான் தரைத் தளம். லிஃப்டுல ஏறி நான் எங்க போறது, சொர்க்கத்துக்கா? மே மாசமே இதை ஓட்டுப் போட்டுத் தோக்கடிச்சாச்சு.”

“மேயில வெறும் பழுதுதான் பாக்க வேண்டியிருந்துச்சு,” என்றார் பெலேன். “அன்னைக்கே செஞ்சிருந்தா மோட்டார் போயிருக்காது. ஒரே ஓட்டுல தோத்தோம்.”

அந்த ஒரு ஓட்டைப் போட்ட புண்ணியவான் யார் என்று கேட்டேன். தலைவி அல்லவா.

ஃபுல்ஹென்சியோ என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை.

“நீதான், தலைவரம்மா. சாவி குடுத்த அன்னைக்குக் கையெழுத்துப் போட்டியே? கூட்டத்துல உனக்குப் பதிலா நான் கை தூக்கலாம்னு?”

போட்டேன். நன்றிகூடச் சொன்னேன்.

முடிவு எட்டப்படவில்லை. மேயில் சரி என்றவர்களில்கூடச் சிலர் மோட்டார் என்றதும் தயங்குகிறார்கள். அடுத்த கூட்டம் 30ஆம் தேதி.

அக்டோபர் 18

போனில் அப்பாவிடம் லிஃப்ட் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். “நாப்பது வருஷம் கப்பல் இன்ஜின் ரூம்ல ஏணி ஏறினவன்டி நான். நாலு மாடி ஒரு விஷயமா?”

பிறகு அவராகவே: “முடியாது, இல்ல? வித்துடு. டிக்கெட்டை நான் ரத்து பண்ணிடறேன். நான் இங்கயே சமாளிச்சுக்கறேன்.”

சமாளிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். படுக்கையிலேயே கிடப்பது.

அக்டோபர் 19

விற்பதா?

அக்டோபர் 22, புதன்

என் கையெழுத்தைத் திரும்ப வாங்கக் கீழே ஃபுல்ஹென்சியோவிடம் போனேன். சண்டைக்குத் தயாராக. ஸ்பானிஷ் வசைச்சொற்கள் நான்கைப் படியிறங்கும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பல்கலைக்கழக ஸ்பானிஷ் வகுப்பில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை.

அவர் தாளை எடுத்துக் கொடுத்தார். பிறகு கேட்டார். “லிஃப்ட் எப்படி நின்னுச்சு, தெரியுமா?”

தெரியாது.

“உன் வீட்டுக்கு வாடகைக்கு வந்த ஜெர்மன்காரங்க. நாலு ஆளு, நாலு பெட்டி, ஒரு நாய். மூணு பேருக்கு மேல ஏறாதீங்கன்னு கதவுல எழுதியிருக்கு. நானும் கத்தினேன். கிழவன் கத்துறான்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. எலும்பு முறியற மாதிரி ஒரு சத்தம்... கர்ர்ருன்னு. அதுக்கு நான் காசு குடுக்கணுமா, கண்ணு? சொல்லு.”

ஒத்திகை பார்த்த நான்கு சொற்களும் வீண்.

இங்கே வாழ்பவர் அவர். நாங்கள் வந்து, உடைத்து, நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள். நான் யார் பக்கம்? இரண்டு பக்கமும் என்பது ஒரு பக்கமா?

அக்டோபர் 24

ஒரு யோசனை: விருந்தாளிக்கு வாடகைக்கு விடும் வீடுகள் லிஃப்டுக்கு அதிகப் பங்கு கொடுப்பது. பெலேனிடம் சொன்னேன். அப்படி விடுவது மூன்றே வீடுகள். மற்ற இருவருக்கும் தொலைபேசினேன். ஆங்கிலேயர் முனகிவிட்டுச் சரி என்றார். பெல்ஜியம்காரர்: “அதையெல்லாம் ஃபுல்ஹென்சியோ பாத்துப்பாரு.”

அக்டோபர் 30, வியாழன்

ஏழரைக்கே போனேன். சொந்த நாற்காலியோடு.

அதிகப் பங்கு ஒரே நிமிடத்தில் நிறைவேறியது. பிறகு மோட்டார். எங்கள் பக்கம் நான்கு ஓட்டு. அதில் ஒன்று ரெமெடியோஸ் எனக்கு எழுதிக் கொடுத்தது. ஃபுல்ஹென்சியோ ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையில் ஊரில் இல்லாதவர்களின் கையெழுத்துத் தாள்களை விசிறிபோல் பிடித்திருந்தார். அந்தத் தாள்களே போதும் எங்களைத் தோற்கடிக்க. சத்தமாகக்கூட எதிர்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா படுக்கையில் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது படியில் செருப்புச் சத்தம். ஒன்று. நிற்கும். இன்னொன்று. மூச்சு. எல்லோரும் திரும்பினோம். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில், நண்டுபோல, ரெமெடியோஸ். உதட்டுச் சாயம் பூசியிருந்தார்.

“யாரு உன்ன எறங்கச் சொன்னது?” ஃபுல்ஹென்சியோ பாய்ந்து எழுந்தார். “அதான் கூடை இருக்குல்ல?”

“கூடையில நான் உக்கார முடியாதுடா.”

யாரோ சிரித்தார்கள். ரெமெடியோஸ் சிரிக்கவில்லை.

“எறங்கி வந்துட்டேன். இப்பச் சொல்லு. மேல யாரு தூக்கிட்டுப் போவா? நீயா, இல்ல உன் கையில தாளா இருக்கற பெல்ஜியம்காரனா?”

ஃபுல்ஹென்சியோ நாற்காலியை அவருக்குத் தள்ளினார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். பெலேனைப் பார்த்து, “வாடகைக்காரங்க பங்கை எழுதிட்டியா? சரியா எழுதினியா?”

“எழுதியாச்சு.”

தாள்களோடு கையைத் தூக்கினார். “என்னத்தப் பாக்கறீங்க? எண்ணுங்க. கை வலிக்குது.”

ரெமெடியோஸை நாற்காலியோடு அவரும் முதல் மாடிக்காரரும் தூக்கிப்போனார்கள். ராணிபோல வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனார். செருப்புகளை எடுத்துக்கொண்டு நான் பின்னால். தலைவியாக நான் செய்த முதல் பொதுப்பணி.

என் அறைக்கு வந்து அழுதேன். அப்பாடா என்று வரும் அழுகை. இதற்குத் தனிச் சொல் இருக்க வேண்டும்.

நவம்பர் 1

“டிக்கெட்டை ரத்து பண்ணிட்டியா?” என்றேன்.

“நீ வரச் சொல்லுவேன்னு வச்சிருந்தேன்,” என்றார் அப்பா.

நவம்பர் 18

மோட்டார் வந்துவிட்டது. அதைச் சோதித்துச் சான்று தர வேண்டிய ஆய்வாளர் வரவில்லை.

நவம்பர் 26, புதன்

ஆய்வாளர் வந்தார். கையெழுத்துப் போட்டார். போனார். பொத்தானை அழுத்தினேன், கதவு திறந்தது. ஏறாமல் மூடவிட்டேன். மறுபடி அழுத்தினேன்.

நவம்பர் 29, சனி

வாடகைக் காரிலிருந்து அப்பா முதலில் ஊன்றுகோலை இறக்கினார், பிறகு காலை. நின்று வெயிலைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

லிஃப்ட் வாசலில் ஃபுல்ஹென்சியோ காவல் நின்றார். “பெட்டி தனி, ஆளு தனி. தலைவரோட அப்பாவா இருந்தாலும் சரி.” பெட்டிகள் முதலில் போயின. லிஃப்டின் நெளிந்து கிடந்த தரைத்தகட்டை அப்பா ஊன்றுகோலால் தட்டிப் பார்த்தார். மோட்டார் ஓடும் சத்தத்துக்குக் காது கொடுத்தார். “பரவால்ல. நல்லா பேரிங் போட்டிருக்கான்,” என்றார் நார்வேஜிய மொழியில். ஃபுல்ஹென்சியோ ஸ்பானிஷில் ஆமாம் என்றார். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்திருக்காது. இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

“நீயும் வாடி.”

“நீ போப்பா. நான் வரேன்.”

கதவு மூடியது. நான் படியேறினேன். இரண்டாவது திருப்பத்து ஜன்னலில் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. கூடை மேலே போய்க்கொண்டிருந்தது. தக்காளி, மேலே ஒரு ரொட்டி. மூன்றாவது மாடியில், ஓடும் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே திறந்திருந்த கதவின் வழியே, ரெமெடியோஸ் இன்னும் பால்கனியில் நின்று கூடையை இழுப்பது தெரிந்தது.

“என்ன பாக்கற?” என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். மேலே போய்க் கதவைத் திறந்து, காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.