டபுள் டூட்டி முடியாதுங்க

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைச்சது எதுவும் காயல. யூனிபார்மை அடுப்புகிட்டத் தொங்கப்போட்டேன். திங்கக்கிழமைதான் வேணும், இருந்தாலும்.

குன்னூருக்குப் பஸ். கவுன்சலிங். அனிதா மேடம் ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாங்க. கோயமுத்தூர்க்காரங்க, பாவம்.

இன்னைக்குத்தான் அதைச் சொன்னேன். ஏப்ரல்ல எங்க வார்டுல ஒரு பெரியவர் இறந்தப்ப, அவர் பொண்ணு என் கையைப் புடிச்சுட்டு அழுதுது. எனக்கு ஒண்ணுமே தோணல. டீ ஆறுதேன்னு மட்டும் நினைச்சேன். இத்தனை வருச நர்ஸ் வேலையில இப்படி ஆனதில்ல. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து பாத்ரூம்ல உட்கார்ந்தவ, எந்திரிக்கவே முடியல. அப்புறம்தான் லீவு.

"நான் கல்லாயிட்டேனுங்களா மேடம்?"

"கல்லா இருந்தா, அதைக் கேட்க மழையில பஸ் புடிச்சு வந்திருக்க மாட்டீங்க செல்வி."

பர்ன்அவுட்டாம், வேலை பார்த்துப் பார்த்து மனசு ஓய்ஞ்சு போறது. சோம்பேறித்தனம் இல்ல, கெட்ட மனசும் இல்ல. ஆஸ்பத்திரியில டபுள் டூட்டி. ஊட்டுக்கு வந்தா எஸ்டேட் லைன் வீடுகள்ல இருக்கிற அத்தனை பேரோட சுகரும் பிரஷரும் என் போன்ல. தூங்கினா சரியாகும்னா லீவுலயே சரியாகியிருக்குமே? நான் இல்லேன்னா எதுவும் நடக்காதுன்னு நினைக்கறேன் பாரு, அதுவும் சேர்ந்துதான் ஆளைச் சாய்ச்சிருக்கு.

வீட்டுப்பாடம்: சாயந்திரம் கொஞ்ச நேரம் போனை அணைச்சுட்டு, யாருக்கும் உபயோகமில்லாத ஏதாவது செய்யணும். எனக்குப் பிடிச்சது.

பஸ் முழுக்க யோசிச்சேன். எனக்கு என்ன பிடிக்கும்? தெரியல.

வாங்கினது: கேரட், சாக்ஸ், ரவை.

ஜூன் 5, வியாழன்

ஒரே மஞ்சு மூட்டம். எதிர் லைன் வீடு கூடத் தெரியல.

இவர் (ஊட்டுக்காரர்தான், வேற யாரு), "ஸ்கூட்டர் கத்துக்கறியா?"ன்னார். டீ பேக்டரிக்கு இலை ஏத்தற வண்டி ஓட்டறவர், வேற என்ன தோணும்.

"ஏனுங்க, நாப்பத்தி மூணு வயசுலயா?"

"பிரேக்குக்கு வயசு தெரியுமா?"

பேக்டரி கிரவுண்ட். பின்னாடி புடிச்சுட்டே ஓடி வந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தா, அங்க ஒத்தைச் செருப்போட நிக்கறார். அப்ப நானாத்தான் ஓட்டியிருக்கேன்! கத்தினேன். கத்திட்டே நேரா தேயிலைக்குள்ள போய் விழுந்தேன். முழங்கையில சிராய்ப்பு. சிரிப்பு நிக்கவே இல்ல. இவர் பயந்துட்டார். எழுதும்போதும் வயிறு வலிக்குது.

ஜூன் 7, சனி

அரை நாள் வெயில்! போர்வையெல்லாம் காஞ்சுது. ஸ்கூட்டர் பழக எல்.எல்.ஆர். வந்தாச்சு. போட்டோவுல திருடி மாதிரி இருக்கேன்.

கிரவுண்டுக்குக் கிளம்பறப்ப மேல் லைன் ராணியக்கா வாசல்ல. "போன் போட்டா எடுக்க மாட்டேங்கற? கொஞ்சம் பிரஷர் பார்த்துட்டுப் போயேன்."

"தலை சுத்துதுங்களாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"ஏழு மணிக்கு வாங்கக்கா."

மொகம் சுருங்குச்சு. ஓட்டும்போதும் அந்த மொகமே. ஏழு மணிக்குக் கடலைப் பொரியோட வந்தாங்க. கோவமெல்லாம் இல்ல.

ஜூன் 9, திங்கள்

டூட்டி. லீவு முடிஞ்சு முதல் நாள், கேட்டுகிட்டயே திரும்பிடலாமான்னு தோணுச்சு. உள்ள போனதும் டெட்டால் வாசனை, செவுத்தைப் புடிச்சுட்டு நின்னேன். மேடம் சொன்ன மாதிரி மூச்சு. மெதுவா. சரியாச்சு.

மதியம் இன்சார்ஜ் மேரி சிஸ்டர். "செல்வி, நைட்டுக்கு ஆள் இல்ல. நீயே நின்னுக்க."

மேடத்துகிட்ட ஒத்திகை பார்த்த வார்த்தை ஒண்ணும் ஞாபகம் வரல. வாய்ல வந்தது: "முடியாதுங்க சிஸ்டர். என் ஷிப்டை நல்லாப் பார்க்கறேன். டபுள் டூட்டி முடியாதுங்க."

"லீவுல நல்லாப் பேசக் கத்துக்கிட்ட."

காதெல்லாம் சூடு. ஆனா சொன்னதைத் திருப்பி வாங்கல. அவங்க போன்ல ஒருத்தரைக் கூப்பிட்டாங்க, வரல. இன்னொருத்தி வரேன்னுட்டா.

அவ்வளவுதானா! இத்தனை வருசமா இது அவ்வளவுதானா!

ஜூன் 11, புதன்

மழை விட்டுது. மேரி சிஸ்டர் இன்னும் சரியாப் பேசல. பரவால்ல.

பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருத்தர், குடலிறக்க ஆபரேஷன். ட்ரிப் போடறப்ப மெல்லக் கேட்டார். "சிஸ்டர், மயக்க ஊசி போட்டா மறுபடி முழிச்சுருவேனா?"

அவர் கை ஐஸ். அந்தப் பயம் எனக்கு அடிவயித்துல தெரிஞ்சுது. நிஜமாத் தெரிஞ்சுது! ஸ்டூலை இழுத்துப் போட்டு, தியேட்டருக்குக் கூப்பிடற வரைக்கும் கூடவே உட்கார்ந்தேன். மகளோட கல்யாணத்தைப் பத்திச் சொன்னார். நல்லபடியா முழிச்சுட்டார். ஸ்டோர் ரூமுக்குள்ள போய் அழுதேன். சந்தோசம்.

மேடத்துக்கு மெசேஜ்: "நான் கல்லில்லீங்க மேடம், மனசு திரும்பி வந்துருச்சுங்க." பதில்: "ரொம்ப சந்தோஷம். செவ்வாய்க்கிழமையும் மறக்காம வாங்க." இன்னும் பாதி வழிதானாம். வர்றேன்னேன்.

சாயந்திரம் எஸ்டேட் ரோட்டுல ஸ்கூட்டரை நான் ஓட்டினேன், இவர் பின்னாடி. ரெண்டாவது வளைவுல காட்டுமாடு, கன்னோட, ரோட்டை அடைச்சுட்டு. பிரேக். பின்னாடி மினி பஸ் நின்னுது. "யாரும் ஆரன் அடிக்காதீங்க!"ன்னு கண்டக்டர்.

"பயமாருக்கா?" இவர் காதுகிட்ட.

"ரொம்பப் பயமாருக்குங்க." சொல்லும்போதே சிரிப்பு வந்துருச்சு.

கன்னு எங்களையே பார்த்துட்டு நின்னுது. ஒருத்தருக்கும் அவசரமில்ல.