காலிப் பட்டியலுக்குப் பச்சை டிக்

நவம்பர் 10, திங்கள்

விடாத மழை. தி. நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸ் வரை முழங்கால் தண்ணீர். ஒரு செருப்பு போயிற்று.

செய்ய: சர்வர் பதிவு (லாக்) பார்க்க. குடை. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

அடையாறு லேபிலிருந்து புகார். நாங்கள் ஆப் செய்து கொடுத்த லேப். ஆதம்பாக்கத்துப் பெண்மணி, வயது 54, மார்பில் கட்டி, பயாப்ஸி. ஆப்பில் ஏழு வாரமாகப் பச்சை டிக். "கவனிக்க வேண்டியது எதுவும் இல்லை." உண்மை ரிப்போர்ட்டில் புற்றுநோய். காகிதப் பிரதி லேப் அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. ஆப் சொல்லிவிட்ட பிறகு யார் போய் வாங்குவார்கள்?

லாக் பார்த்தாயிற்று. அன்று அந்த ரிப்போர்ட் லேப் கணினியிலிருந்து எங்களுக்கு வந்து சேரவே இல்லை. அப்போதும் எங்கள் சர்வர் ஆப்புக்கு அனுப்பிய பதில்: "வெற்றி." கூடவே, கவனிக்க வேண்டியவை என்று ஒரு காலிப் பட்டியல். ரிப்போர்ட் கிடைக்கவில்லை என்பது மூலையில் ஒரு வரி. ஆப் திரை அந்த வரியைப் படிப்பதே இல்லை.

சர்வர் பக்கம் எழுதியது நான்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். திரைப் பக்கம் எழுதும் பிரபுவோடு டீக்கடையில்.

"லிஸ்ட் காலியா வந்தா இன்னா அர்த்தம்? ஒண்ணும் இல்லன்னுதானே? பச்சை போட்டேன். நீதான் சக்சஸ்னு அனுப்பிக்கினு இருந்தியே."

"மெசேஜ்ல சொல்லியிருந்தேனே."

"எந்த மெசேஜ்? ஒரு ஸ்கிரீனுக்கு மெசேஜ மேல வெச்சு அனுப்பற, இன்னொரு ஸ்கிரீனுக்குக் கீழ, லாகினுக்கு அனுப்பறதே இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. நான் எத்தப் பாக்கறது?"

சரிதான்.

மேனேஜர் வரதன் ஒரு டெமோவில் பிழை என்று சிவப்புத் திரை வந்து அவமானப்பட்டவர். அன்றிலிருந்து ஆபீஸ் சட்டம்: எது உடைந்தாலும் சர்வர் "வெற்றி" என்றே சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே சிரித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே வடிவம். கிடைத்ததா, இல்லையா. இல்லையென்றால் ஏன். கிடைத்திருந்தால் மட்டும் விவரம். "இல்லை" வேறு, "தெரியவில்லை" வேறு. மூன்று மீட்டிங். மூன்றிலும் "அடுத்த மாசம் பாக்கலாம்". நானும் மல்லுக்கட்டவில்லை. சம்பள உயர்வு முடிவாகும் அப்ரைசல் நேரம்.

நவம்பர் 12, புதன்

பிரபுவும் நானும் உட்கார்ந்து சரிசெய்தோம். ஆப்பை அப்டேட் செய்பவர்களுக்கு, ரிப்போர்ட் வராவிட்டால் இனி மஞ்சள் திரை, "லேபை அழைக்கவும்". ஆன நேரம் நாற்பது நிமிடம். வெறும் நாற்பது நிமிடம்!

பிறகு லாக்கில் தேடியதில் அதே வாரம், அதே மாதிரி, இன்னும் பதினொரு பேர். பதினொரு பச்சை டிக்.

வரதன் கூப்பிட்டார். "பேஷண்ட் மொபைல்ல நெட் பிராப்ளம்னு ஒரு லெட்டர் ரெடி பண்ணும்மா. நாளைக்கு நீயே லேப்ல குடுத்துடு. மிச்சப் பதினொரு பேர் கம்ப்ளெயிண்டே பண்ணலியே, அதை ஏன் கிளறணும்?"

பச்சையைப் பார்த்தவர்கள் எதற்குப் புகார் செய்வார்கள்? கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். கடிதமும் அடித்தாயிற்று. என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா: "என்னடி, தட்டுல போட்டது போட்டபடி இருக்கு? ஆத்துக்கு வந்தும் ஆபீஸையே நெனைச்சுண்டு."

நவம்பர் 13, வியாழன்

வெயில். கடிதத்தோடு அடையாறு. லேப் வாசலில் ஆதம்பாக்கத்துப் பெண்மணியின் மகள். முப்பது வயது இருக்கும். ஃபோனில் அந்தத் திரையைப் படமெடுத்து வைத்திருக்கிறாள். காட்டினாள்.

"டிக் வந்த அன்னிக்கே அம்மா ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினாங்க மேடம். தெரு பூரா வடை குடுத்தாங்க. அப்பவே பாத்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாமாம். இப்ப அக்குள் வரைக்கும் போயிடுச்சுன்றாங்க."

கையிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்தேன்.

"நீங்க கம்ப்யூட்டர் கம்பெனிதானே? நாங்கதான் சரியா பாக்கலியா மேடம்?"

"இல்லம்மா. எங்க தப்பு. அதை எழுதினது நான்தான்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. லேப் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, பதினொரு பெயரையும் எழுதிக் கொடுத்தேன். வரதனிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால்.

நவம்பர் 14, வெள்ளி

ஐ.டி. கார்டை வரதன் காலையிலேயே வாங்கிக்கொண்டார். பிரபு லிஃப்ட் வரை வந்தான்.

நேரே லேப். ஆள் போதவில்லை என்று ரிசப்ஷன் பெண்ணும் நானும் பட்டியலைப் பிரித்துக்கொண்டு ஃபோன் செய்தோம். எட்டு பேருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. இரண்டு பேர் நாளைக்கு வருகிறார்கள். அதில் ஒருத்தி அழுதாள்.

கடைசிப் பெயர். பாலவாக்கம், வயது 61. அந்தப் பெயருக்குக் கீழே டாக்டர் அவசரம் என்று இரண்டு கோடு போட்டிருந்தார்.

"சார், லேப்லேர்ந்து பேசறேன். ஆப்ல உங்க ரிப்போர்ட் தப்பா..."

"இன்னாம்மா, அடுத்து ஓடிபி கேப்பியா? உங்கள மாதிரி ஆளுங்களப் பத்தித்தான் டிவில தெனம் சொல்லிக்கினு கீறான்."

"இல்ல சார். ஆப்பை நம்பாதீங்க. ஒரு தடவை நேர்ல வாங்க, ப்ளீஸ்."

"ஆப்புல எல்லாம் நல்லா கீதுன்னு போட்டுக்குது. அத்த வுட்டுட்டு உன்ன நம்பணுமா? வையி போனை."

மறுபடி அடித்தேன். பிளாக் செய்துவிட்டார். ரிசப்ஷன் ஃபோனிலிருந்து அடித்தோம். குரலைக் கேட்டதும் துண்டித்து அதையும் பிளாக்.

நேரில் போகலாம் என்று, அவர் ஆப்பில் பதிந்திருந்த முகவரியைத் தேடினேன். பாலவாக்கம் என்று மட்டும் இருக்கிறது. தெரு, கதவு எண் இரண்டும் காலி. காலியாக விட்டாலும் சர்வர் ஏற்றுக்கொண்டு "வெற்றி" என்று சொல்லும். அதையும் எழுதியது நான்தான்.