அமீருக்காக வாங்கிய கேமரா

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு
இன்றும் ஏரிக்குத் தனியாகத்தான் போனேன். ஐந்து ஜிலேபி மீன், ஒரு கெளுத்தி. அமீர் பாஷா வராத நான்காவது ஞாயிறு. முட்டி வலியாம். பத்தொன்பது வருடமாக ஆம்பூரில் ஒரே கம்பெனியில், ஒரே மேஜையில் அவனும் நானும் தோல் தரம் பிரிக்கிறோம். ஞாயிறானால் ஒரே வண்டியில் தூண்டிலோடு கிளம்பிவிடுவோம். இப்போது பின்சீட்டில் மீன் கூடைதான் உட்கார்ந்து வருகிறது.

திரும்பும்போது அவன் வீட்டில் மீனைக் கொடுத்தேன். "இனிமே வீடியோ எடுத்துட்டு வாடா வேலு. ஊட்ல உக்காந்தே பாக்குறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் என்னமோ போலாகிவிட்டது.

5 ஆகஸ்ட், செவ்வாய்
போன் சரிப்படாது. தூண்டிலுக்கே இரண்டு கை போதவில்லை. தண்ணீரில் விழுந்தால் அத்தோடு சரி. மார்பில் மாட்டிக்கொள்கிற சின்னக் கேமரா இருக்கிறதாம். யூடியூபில் நான்கு வகையைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் தண்ணீர் நீலமாகத் தெரிகிறது. எந்த ஊர் ஏரியில் நீலத் தண்ணீர்? இன்னொன்றில் தக்கை இருக்கிற இடமே தெரியவில்லை. தக்கை முங்குவது தெரியாவிட்டால் அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது?

தோலில் ஓட்டை தேடுவதுபோலத் தேடுகிறேன் என்று சோபனா கேலி செய்கிறாள். பெண்டாட்டிக்கு என்ன தெரியும், பார்க்கப்போகிறவன் அமீர். தோலில் உண்ணி கடித்த தழும்பைப் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுகிறவன்.

9 ஆகஸ்ட், சனி
வேலூரில் வாங்கிவிட்டேன். தண்ணீர் புகாத உறை, மார்புப் பட்டை எல்லாம் சேர்த்து. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றான் கடைக்காரன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு
எழுதக் கை வரவில்லை.

ஏரியில் எடுத்ததை நானே பார்க்காமல் நேராக அமீர் வீட்டுக்குப் போய், போனில் ஏற்றி அவன் கையில் கொடுத்தேன். ஓட ஆரம்பித்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உறைக்குள் ஆவி பிடித்துக் கண்ணாடி மூடிப்போயிருக்கிறது. திரையில் வெறும் வெள்ளை. கரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. சத்தம் மட்டும் அமுங்கலாக — என் இருமல், தண்ணீர் தளும்புவது. வீணாகிவிட்டதுடா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சூப்பரா கீதுடா. தக்கைகூட எவ்ளோ தெளிவா தெரியுது பாரு" என்றான்.

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. கதவருகில் நின்ற அவன் மனைவி சைரா பாபி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லிவிடாதே என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஆமாம், நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

11 ஆகஸ்ட், திங்கள்
மேஜையில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் தடவித்தான் தரம் பிரிக்கிறான். எத்தனை நாளாக? தழும்பு விரலுக்குத் தெரியும். கறை தெரியாது. அவன் முதல் தரத்தில் போட்டதில் ஏழு தோலில் கறை. யாரும் பார்க்காதபோது எடுத்து அடுக்கு மாற்றினேன்.

12 ஆகஸ்ட்
இன்றைக்குப் பதினொரு தோல்.

13 ஆகஸ்ட்
தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு தின்கிறேன். கண்ணை வைத்துக்கொண்டு என்ன கிழித்தேன்?

15 ஆகஸ்ட், வெள்ளி. லீவு.
தாங்கவில்லை, அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அந்த வீடியோவில் ஒன்றுமே இல்லை என்றேன். அப்புறம்தான் அமீர் சொன்னான். சர்க்கரை இரண்டு கண்ணையும் பிடித்துவிட்டது. ரம்ஜானுக்கு முன்பே டாக்டர் கைவிரித்துவிட்டாராம். போன மாதத்திலிருந்து ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். முட்டி வலி பொய். ஏரிக்கரையில் தடுமாறினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் வரவில்லை.

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், அதற்கு மறைத்தான், சரி. எங்கிட்ட ஏன்டா மறைச்சே? எங்கிட்டயுமா? கத்திவிட்டேன். பாபி அழுதாள்.

"டாக்டரு சொன்னாரு, நம்பல. சைரா அழுதா, அப்பவும் நம்பல. நீ பாத்து ரிஜெக்ட்னுட்டா அதுக்கு மேல பேச்சு இல்லடா. அதான் பயந்தேன்."

18 ஆகஸ்ட், திங்கள்
அவனே மேனேஜரிடம் சொன்னான். பக்கத்தில் நின்றேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் மதியத்தோடு முடிந்துவிட்டது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, என் கையைப் பிடித்தபடி கேட் வரைக்கும் வந்தான்.

மேஜையின் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்
கேமராவை மாற்ற இன்றுதான் கடைசி நாள். அரை நாள் லீவு போட்டு வேலூர் போனேன். கடைக்காரன் நாலைந்தை எடுத்து வைத்து, இதில் படம் இப்படி, அதில் படம் அப்படி என்று காட்ட ஆரம்பித்தான். படம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, சத்தம் சுத்தமாகப் பதிய வேண்டும், ஒவ்வொன்றாக ஓடவிடுங்கள் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓடவிட்டான்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.