அவருக்கு இந்தச் சின்னதே போதும், மேடம்

என் பிரியமான நைனாவுக்கு,

நம் வீட்டுக்கு ஸ்பீக்கர் வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இதை நான் யாரிடம் சொல்வது? பதினெட்டு வருஷம் தி.நகர் கடையில் நின்றுகொண்டே ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் விற்றாய். வீட்டுக்கு வந்தால் போனை எவர்சில்வர் சொம்புக்குள் போட்டுப் பாட்டுக் கேட்டாய். "இதுக்கு சார்ஜும் வேணாம், ரிப்பேரும் ஆவாது" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்வாய்.

கேட்டது அம்மாதான். நீ போன பிறகு ஒரு வருஷம் வீட்டில் பாட்டு வைக்கக் கூடாது என்று இருந்தாள். அவளுடைய தையல் மெஷின் சத்தம் மட்டும்தான். போன மாதம் உன் வருஷ தெவசம் முடிந்தது. மறுநாள் காலையில் ஒரு பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"வூடு ஊமையா கீதுடி. ஒரு ஸ்பீக்கர் வாங்கினு வா. அவரு கடையிலயே வாங்கு. வேற கடைக்குப் போனா அவருக்குப் புடிக்காது."

சரி என்றேன். சொல்லிவிட்டு மூன்று வாரம் போகவில்லை. ஆபீசில் வேலை, மழை, பஸ் வரவில்லை என்று ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையான காரணம் உனக்குத் தெரியும். அந்த ஒரு நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் கடைசி வரைக்கும் பேசவே இல்லை. இப்போது நான் பேசுகிறேன், நைனா. நீ கேட்டுக்கொண்டிரு.

காலேஜில் எனக்குக் கடைசி வருஷம். என் தோழி நந்தினிக்குப் பிறந்தநாள் வந்தது. ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் வீட்டில் பணம் கொடுத்திருந்தார்கள். அடையாறில் அவர்கள் வீடு. ஒருமுறை போனபோது செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றிருக்கிறேன். நந்தினியும் இன்னும் இரண்டு பேரும் என்னையும் இழுத்துக்கொண்டு தி.நகருக்கு வந்தார்கள். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைவலி என்று சொல்லி நடுவிலேயே இறங்கியிருப்பேன். உன் கடையின் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும்தான் கால் நின்றது.

அவர்களிடம் உன்னைப் பற்றி நான் பொய் எதுவும் சொன்னதில்லை. 'அப்பா எலக்ட்ரானிக்ஸ்ல இருக்காரு' என்று சொல்லியிருந்தேன். எஞ்சினியரா என்று கேட்டார்கள். சிரித்தேன். அவ்வளவுதான். நம் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே மற்றவர்கள் பேசுவதைப் பார்த்து, நைனா என்பதை விட்டுவிட்டு அப்பா என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வாயால் சொல்லாதது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நீதான் என்னை முதலில் பார்த்தாய். அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே முகம் மலர்ந்து ஓரடி முன்னால் வந்தாய். அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ நின்றுவிட்டாய். மெதுவாக அந்தப் பக்கம் திரும்பி, சட்டையில் குத்தியிருந்த 'ஏகாம்பரம்' என்ற பெயர் பேட்ஜைக் கழற்றிப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். பிறகுதான் எங்களிடம் வந்தாய். பேட்ஜ் இருந்த இடத்தில் ஊசி குத்திய இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. உன் முகத்தைப் பார்க்காமல் நான் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாங்க மேடம். என்ன பாக்கறீங்க?" என்று நந்தினியிடம் கேட்டாய்.

எத்தனை வாட்ஸ் என்று நீ ஆரம்பிக்கவில்லை. ரூம் எவ்வளவு பெரியது, வீட்டில் வைஃபை இருக்கிறதா, ஒரே இடத்தில் வைத்துக் கேட்பீர்களா, கையோடு தூக்கிக்கொண்டு போவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். நந்தினி இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, கடை அதிரும்படி வைக்கச் சொன்னாள்.

"ஏத்தி வெச்சா எல்லா ஸ்பீக்கரும் நல்லாதான் இருக்கும் மேடம். கொறச்சு வெச்சுக் கேளுங்க. அப்பதான் எது நல்லதுன்னு தெரியும்."

குறைத்தாய். நாங்கள் நாலு பேரும் குனிந்து கேட்டோம். பெரியதில் பாடுகிறவரின் குரல் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. அதைவிட விலை குறைந்த ஒன்றில், அடுத்த அடிக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. "அண்ணா, செம" என்றாள் நந்தினி. அதையே எடுத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருக்கலாம். அவள்தான், "இவ வீட்டுக்கும் ஒண்ணு காட்டுங்கண்ணா. இவ வாயத் தொறந்து எதையும் கேக்க மாட்டா" என்று என்னை முன்னால் தள்ளினாள்.

நீ என்னைப் பார்த்தாய். "உங்க வீட்ல யாரு மேடம் நெறைய பாட்டு கேப்பாங்க?"

"அப்பா."

நீ குனிந்தாய். கீழ்த்தட்டில் இருந்து உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாய்.

"அவருக்கு இந்தச் சின்னதே போதும், மேடம். பெருசா ஒண்ணும் தேவைப்படாது."

"சரிங்க. அப்புறமா வரேங்க" என்றேன். உன்னோடு நான் மரியாதை போட்டுப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து, வழக்கம்போல, "பாப்பா சாப்டுச்சா?" என்று அம்மாவிடம் கேட்டாய். நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். வேலை கிடைத்ததும், முதல் சம்பளத்தில் அந்தச் சின்ன ஸ்பீக்கரையே வாங்கி வந்து உன் காலடியில் வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் வேலைக்குச் சேர்ந்த இருபதாம் நாள், கடைக்குக் கிளம்ப ஷேவ் செய்துகொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். பாதி முகத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அதை அம்மாதான் முந்தானையால் துடைத்தாள். என் சம்பளம் அதற்குப் பிறகுதான் வந்தது.

போன சனிக்கிழமை ஒருவழியாகக் கடைக்குப் போனேன். உன் செக்‌ஷனில் உன்னோடு நின்ற சலீம் பாய் என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததை வைத்துவிட்டு வந்தார். உன் சாவுக்கு வந்து, கடைசி வரை வெயிலில் நடந்து வந்தவர் அவர்.

"இன்னாமா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? அம்மா எப்பிடி கீது?"

ஸ்பீக்கர் என்றேன். பேசினால் பதில் சொல்லும் ஒன்றை எடுத்தார். உடனே அவரே திரும்ப வைத்துவிட்டார். "இதுக்கு வைஃபை வேணும். உங்க வூட்ல போன் நெட்டுதான? ப்ளூடூத்தே போதும். கரண்ட் போனாலும் ஓடணும்."

"அம்மாவுக்கு வலது காது கொஞ்சம் மந்தம், பாய்."

"தெரியும். ஏகாம்பரம் சொல்லிக்கீறான். அதான் தொம் தொம்னு அடிக்கறது எதையும் உனக்குக் காட்டல. பாடறது தெளிவா கேக்கணும், அவ்ளோதான்."

பாட்டைப் போட்டார். குறைத்து வைத்தார். நான் தலையாட்டினேன். பில் போடும் இடத்துக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் பொண்ணு யாரு தெரியுமா? ஏகாம்பரம் பொண்ணு. நீ அவனப் பாத்ததில்ல. இது ஒரு தபா ஃப்ரெண்டுங்களோட வந்துச்சு. நைனான்னு ஒரு வார்த்த பேசல, டிஸ்கவுண்ட் போடுன்னு கேக்கல. தெரியாத ஆளு மாதிரியே நின்னுச்சு. இன்னாபா, உம் பொண்ணு உன்ன கண்டுக்கவே இல்லன்னு கேட்டேன். 'நான்தான் பாய் சொல்லி வெச்சேன், கடையில வந்து சொந்தம் கொண்டாடக் கூடாதுன்னு. அப்பிடியே நடந்துகிச்சு பாத்தியா'ன்னான். அன்னிக்குப் பூரா அதையே சொல்லிக்கினு இருந்தான். பேட்ஜ் இல்லாம நின்னதுக்கு சூப்பர்வைசர் கத்தினாரு. அதுக்கும் சிரிச்சிக்கினே நின்னான்."

நைனா, நீ அப்படி எதுவுமே என்னிடம் சொல்லி வைக்கவில்லையே.

எத்தனை பேரிடம் அதைச் சொன்னாய்? அன்று பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாய் என்றால், சொல்லச் சொல்ல உனக்கே அது நிஜமாகிவிட்டதா? அப்படி ஆகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆகாமலே சொல்லிக்கொண்டிருந்தாய் என்றால் நான் என்ன செய்வது?

'இல்லை பாய், அவர் சொல்லவே இல்லை' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பில் போடும் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "சூப்பர்க்கா" என்றாள். நான் சிரித்தேன். எஞ்சினியரா என்று கேட்டவர்களிடம் சிரித்த அதே சிரிப்பு. பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மந்தைவெளி வரைக்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதே கடையில் உன்னை இரண்டாவது தடவையும் விட்டுவிட்டு வந்ததாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைப் பிரித்தோம். முதலில் பீரோ மேல் வைத்தேன். பாட்டோடு சேர்ந்து பீரோ கதவும் கடகடவென்று பாடியது. ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அம்மா உட்காரும் இடத்துக்குச் சொற்கள் வந்து சேரவில்லை. ஜன்னலில் வைத்தால் தெருவில் போகிற ஆட்டோ பாட்டை முழுங்கியது. கடைசியில் மெஷினுக்கு இடது பக்கம், அம்மாவின் காது உயரத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்தேன். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி இழுத்ததும் குரல் தெளிந்தது.

அம்மாவின் போனோடு சேர்த்தபோது ஸ்பீக்கருக்குள் இருந்து ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

"இன்னாடி சொல்றா அவ?"

"சேந்துடுச்சாம்மா."

"அதச் சொல்ல இவ்ளோ ஸ்டைலா?"

பாட்டு இரண்டு வரி போயிருக்கும். யாரோ அம்மாவுக்குப் போன் செய்தார்கள். அவள் எடுத்ததும் பாட்டு நின்று, ஸ்பீக்கருக்குள் இருந்து மாடிப்படி வரைக்கும் கேட்கும்படி ஒரு குரல் கிளம்பியது: "ஏங்க, என் பச்சைப் புடவை ஃபால்ஸ் ஆச்சா இல்லையா? இன்னிக்காவது உண்மைய சொல்லுங்க." கீழ் வீட்டு அக்கா, "சொல்லிடுக்கா, எங்களுக்கும் தெரியட்டும்" என்று குரல் கொடுத்தாள். அம்மா சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள், நைனா. நீ அதைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுபடி பாட்டு வந்தது. அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே, "இருந்திருந்தா இன்னேரம் தெருவுக்கே சொல்லிட்டு வந்திருப்பாரு, எம் பொண்ணு வாங்கியாந்ததுன்னு" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பேட்ஜைக் கழற்றியதை, நீ என்னை மேடம் என்றதை, சலீம் பாயிடம் நீ சொன்ன கதையை, நேற்று நான் சிரித்துவிட்டு வந்ததை.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். இல்லை என்றால் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. நூலைக் கடித்து அறுத்தாள்.

"இத்த ஏன் என்னாண்ட சொல்ற? பரவால்ல கண்ணுன்னு நான் சொல்லணுமா? அத்தச் சொல்ல வேண்டிய மனுஷன் போய்ட்டாரு. எவங்க முன்னாடி அவரத் தெரியாத மாதிரி நின்னியோ, அவங்களாண்ட போய்ச் சொல்லு." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "பாட்டப் போடு" என்றாள்.

போட்டேன். அம்மா தைத்தாள். தைத்த ஃபால்ஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முழுவதையும் பிரித்து மறுபடி முதலில் இருந்து தைத்தாள். அவளுக்குத் தையல் கோணி நான் பார்த்ததே இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நந்தினி, அன்றைக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்து உனக்கு நல்ல ஸ்பீக்கர் எடுத்துக் கொடுத்தவர் என் நைனா. எனக்கு அவரைத் தெரியும். பிறந்ததில் இருந்து தெரியும்.

நைனா, வரும் சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போகிறேன். சலீம் பாயிடமும் அந்தப் பில் போடும் பெண்ணிடமும், நீ எனக்கு எதுவும் சொல்லி வைக்கவில்லை, நான்தான் வெட்கப்பட்டேன் என்று சொல்லப் போகிறேன். பாயின் மனசில் இருக்கிற அந்த நல்ல பெண் நீ உண்டாக்கினவள். ஒரு நாள் முழுக்க நின்று, திட்டு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே உண்டாக்கினவள். அவளை நான் இல்லாமல் செய்வது உனக்குப் பிடிக்காது, தெரியும். இருந்தாலும் செய்வேன். அவள் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உன் தெவசத்துக்கு இனிமேல் என்னால் சோறு வைக்க முடியாது. யார் கேட்டாலும், நீ எங்கே நின்றாய், என்ன விற்றாய், யாருக்கு அப்பன் என்று முழுவதையும் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
தி.நகரில் ஸ்பீக்கர் விற்ற ஏகாம்பரத்தின் மகள்
புவனா